அனலொக் ஓடும்போதே கூரை வேலையை முடிப்போம்: கொக்கட்டிச்சோலையில் ஒரு அன்ரெனா

மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமி வீட்டு ரீவிக்குப் புது அன்ரெனா ஒன்று செய்து ஏற்றினேன். அதன் அளவுகளையும் செய்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். படுவான்கரையில் இன்னும் எத்தனையோ வீட்டுக் கூரைகளில் வளைந்த அலுமினியக் கம்பியும் வெடித்துப்போன பட்டை வயரும் நிற்கின்றன. அந்த வீடுகளில் யாராவது ஒரு பிள்ளை இதைப் பார்த்துச் செய்துகொண்டால் போதும்.

இதை இப்போதே செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உலகம் முழுக்க அனலொக் என்ற பழைய முறை ரீவி ஒளிபரப்பு ஒவ்வொரு நாடாக நின்று, அதன் இடத்துக்கு டிஜிட்டல் வந்துகொண்டிருக்கிறது. நெதர்லாந்து 2006 டிசம்பரில் நிறுத்தியது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று நிறுத்தின. பிரித்தானியா 2012 ஒக்டோபரில் முடித்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் 2019இல். பக்கத்து இந்தியாவில் தூரதர்ஷன் தன் அனலொக் ரான்ஸ்மிற்றர்களை, எல்லைப்புறம் போன்ற முக்கியமான இடங்களில் உள்ள ஐம்பது வரையானவற்றைத் தவிர, 2022 மார்ச் வரைக்கும் படிப்படியாக மூடியது. இலங்கை 2014இல் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அதற்காக ஜப்பானிடம் 1371.7 கோடி யென் கடனுக்கும் கையெழுத்தானது. ஆனாலும் எங்கள் வானத்தில் இன்னும் அனலொக் அலைதான் ஓடுகிறது. அது ஓடுகிற வரைக்கும் கூரையில் ஏறி வேலை செய்கிறவனுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அது என்னவென்று கீழே வருகிறது.

மாமி வீட்டில் இருப்பது 21 அங்குலப் பழைய குழாய் ரீவி. இடையில் டிஷ் பூட்டியிருந்தார்கள். மாதக் கட்டணம் கட்ட முடியாமல் அது நின்றுபோனது. "மாசா மாசம் காசு கட்ட ஏலா மனே. முந்திக் கம்பியிலதானே பாத்த நாங்க. அதையே சரிபண்ணித் தா" என்றார் மாமி. கேட்டது சின்ன விடயம். செய்திக்கும் இரவு நாடகத்துக்கும் புயல் எச்சரிக்கைக்கும் காசு கட்டாமல் ஒரு படம் வரவேண்டும், அவ்வளவுதான்.

கூரையில் ஏறுவதற்கு முன் ரீவியைப் பார்க்க வேண்டும். அன்ரெனாப் பிளக்கைச் சொக்கெற்றுக்குள் செருகி மெதுவாக மேலும் கீழும் அசைத்தேன். மேலே அழுத்தினால் படம் தெளிந்தது, கையை விட்டால் புள்ளிமழை. அப்படியென்றால் குறை கூரையில் மட்டும் இல்லை. பின்மூடியைக் கழற்றி சனல் பிடிக்கிற ரியூனர்ப் பெட்டிக்குப் பின்னால் சுற்றுப் பலகையைத் திருப்பி, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், சொக்கெற்றின் நடு ஊசியைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு கறுப்பு வட்டம். வருடக்கணக்காகப் பிளக்கை இழுத்துச் செருகியதில் ஈயம் ஊசியை விட்டுவிட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஊசியைச் சுரண்டிப் புது ஈயம் வைத்தேன். ரியூனர்ப் பெட்டியின் நான்கு மண் கால்களுக்கும் அப்படியே செய்தேன். ஒன்று கெட்டால் மற்றதும் கெடப்போகிற வயதுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. குழாய் ரீவியின் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றின பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கத் தெரியாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். ரீவி திருத்துகிறவரிடம் "அன்ரெனாச் சொக்கெற்றில ஈயம் விட்டிருக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். சின்ன வேலை, அவர் உடனே செய்து தருவார்.

இனிக் கூரை. பழைய அன்ரெனாவை இறக்கிப் பார்த்தேன். வயர் பூட்டின ஆணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புக்காற்றில் நின்றால் அப்படித்தான் அரிக்கும். அதிலிருந்து வீட்டுக்குள் வந்தது 300 ஓம் பட்டை வயர். காய்ந்த நாளில் அது நல்ல வயர்தான், இழப்பும் குறைவு. ஆனால் மார்கழி மழையில் நனைந்தாலோ தகரத்தில் உரசிக்கொண்டு போனாலோ சிக்னலைத் தின்றுவிடும். மாமி வீட்டில் அது தகரத்தின் மேலேயே படுத்துக் கிடந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுக்கம்பியைச் சுற்றிப் பின்னல் உறை உள்ள ஆர்ஜி-6 கோஅக்சியல் வயருக்கு மாறினேன்.

எந்தச் சிக்னலுக்காகச் செய்கிறோம் என்பது தெரிந்தால்தான் அளவு வரும். அரச ரீவியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று ஜப்பானின் உதவியோடு தொடங்கியது. பிதுருதலாகலை மலையிலிருந்து அது வருவது 5ஆம் சனலில், அதாவது 174 முதல் 181 மெகாஹேர்ட்ஸ் வரை. மலையின் உயரம் 2,524 மீற்றர். கொக்கட்டிச்சோலையிலிருந்து நேர்கோட்டில் 120, 130 கிலோமீற்றர் இருக்கும். அந்த உயரத்திலிருந்து அடிவானம் 200 கிலோமீற்றருக்கு மேல் போகும். ஆகவே இடையில் உள்ள முகடுகள் கொஞ்சம் மறைத்தாலும் சிக்னல் இங்கே வந்து விழுகிறது. திசை தென்மேற்கு, சற்று மேற்குப் பக்கம் சாய்ந்து. கச்சான் காற்று வருகிற பக்கம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

177.5 மெகாஹேர்ட்ஸை நடுவாக எடுத்தால் அலைநீளம் 1.69 மீற்றர். ஒரு சட்டத்தில் கம்பிகளை வரிசையாக நிறுத்தி ஒரே திசையைப் பார்க்கச் செய்கிற அன்ரெனாவுக்கு யாகி என்று பெயர்; அப்படி ஐந்து கம்பி யாகி ஒன்று செய்தேன். 10 மில்லிமீற்றர் அலுமினியக் குழாய். சட்டத்துக்குத் தேக்கு மரம், ஒன்றரை மீற்றர் நீளம், இரண்டு பூச்சுப் பெயின்ற். மரச் சட்டம் எடுத்ததற்குக் காரணம், இரும்போ அலுமினியமோ என்றால் கம்பிகளின் நீளத்தைத் திருத்திக் கணக்குப் போட வேண்டும். மரத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பின்னால் நிற்கிற கம்பி 82 சென்ரிமீற்றர். அதற்கு முன்னால் வயர் பூட்டுகிற, இரண்டு முனையையும் மடித்து நீள்வளையமாக்கிய மடிப்புக் கம்பி, முனைக்கு முனை 79. பிறகு முன்னால் மூன்று கம்பிகள்: 73, 72.5, 73. எல்லாவற்றுக்கும் இடைவெளி 34 சென்ரிமீற்றர். சாதாரண ஒற்றை இருமுனைக் கம்பியோடு பார்த்தால் ஏறக்குறைய 9 டெசிபல் கூடுதல், அதாவது எட்டு மடங்கு சிக்னல். அயலில் எல்லா அன்ரெனாவும் கம்பி கிடையாகத்தான் நிற்கிறது, இதுவும் அப்படியே.

மடிப்புக் கம்பி செய்யும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். குழாயை அப்படியே வளைத்தால் மடிப்பில் நசுங்கிவிடும். நன்றாகக் காய்ந்த மணலை உள்ளே நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, இரண்டு அங்குலப் பைப் ஒன்றைச் சுற்றி மெதுவாக வளைத்தேன். மணல் ஈரமாக இருக்கக் கூடாது. முடிந்ததும் கீழ்க்கையின் நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு இரண்டு முனையையும் தட்டையாக்கித் துளை போட்டேன். அந்தத் துளைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு நட்டும் போல்ட்டும். செம்பு வயரை நேரே அலுமினியத்தில் வைக்காமல், ஈயம் பூசிய முனையை மாட்டி, இடையில் எஃகு வாசர் போட்டு இறுக்கினேன். பழையதில் பூத்த வெள்ளைப் பொடி இதில் பூக்காமல் இருக்க இதுதான் வழி.

மடிப்புக் கம்பியின் தடை 300 ஓம் பக்கம், வயரின் தடை 75 ஓம். இரண்டையும் பொருத்தக் கடையில் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது மெல்லிய கம்பி, உப்புக்காற்றில் கனகாலம் நிற்காது. அதற்குப் பதிலாக அதே ஆர்ஜி-6 வயரிலேயே ஒரு வளையம் செய்யலாம். அரை அலைநீளம் 84.5 சென்ரிமீற்றர். நுரை உள்ள ஆர்ஜி-6இல் அலை 0.83 மடங்கு வேகத்தில் ஓடும். பெருக்கினால் 70 சென்ரிமீற்றர். அந்த நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, அதன் இரண்டு முனைப் பின்னல்களையும் கீழே இறங்குகிற வயரின் பின்னலோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினேன். வளையத்தின் ஒரு நடுக்கம்பி இறங்கு வயரின் நடுக்கம்பியோடு சேர்ந்து இடது போல்ட்டுக்கு. மற்ற நடுக்கம்பி வலது போல்ட்டுக்கு. வளையத்துக்குள் ஓடி வருகிற அலை பாதிச் சுற்றுப் பிந்துவதால் இரண்டு போல்ட்டுக்கும் எதிரெதிராகப் போகிறது, தடையும் நான்கில் ஒன்றாகிறது. இதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. மேலே பிவிசி பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடி, கீழே சின்னத் துளை வைத்தேன். உள்ளே வியர்க்கிற தண்ணீர் வெளியேற வேண்டுமே.

தூணுக்கு ஒன்றரை அங்குல ஜிஐ பைப். மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். கறண்ட் வயருக்கும் தூணுக்கும் இடையில், தூண் சரிந்து விழுந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும்; இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. தூணின் அடியிலிருந்து தடித்த செம்பு வயரை நிலத்தில் அடித்த கம்பிக்கு இறக்கினேன். அதோடு சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது ரீவிப் பின்னால் அன்ரெனாப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

இனித்தான் நான் முதலில் சொன்ன வசதி. மச்சான் ரீவிக்கு முன்னால், நான் தூணடியில். "இன்னும் கொஞ்சம் அங்கால கிறுக்கு மச்சான்… போதும், போதும்… இல்ல, மறுகா இங்கால கொஞ்சம்…" இப்படித்தான் எங்கள் ஊரில் ஒவ்வொரு அன்ரெனாவும் நின்றது. ஒவ்வொரு கிறுக்கலுக்கும், அதாவது திருப்பலுக்கும், படம் பதில் சொல்கிறது. புள்ளி கூடினால் சிக்னல் குறைகிறது, புள்ளி குறைந்தால் கூடுகிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற சிக்னல் மீற்றர் செய்வதைப் பழைய குழாய் ரீவி சும்மாவே செய்கிறது.

அதைவிட ஒரு படி மேலேயும் செய்யும். பழைய அன்ரெனாவில் செய்தி வாசிக்கிறவரின் தோளுக்கு வலப்பக்கம் இன்னொரு மங்கலான தோள் தெரிந்தது. நேரே வந்த அலைக்குப் பின்னால், எங்கேயோ பட்டுத் தெறித்து வந்த அலை அது. எங்கே பட்டது என்று திரையிலேயே அளக்கலாம். அனலொக் படத்தின் ஒரு கோடு இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போக 52 மைக்ரோசெக்கன் எடுக்கும். அந்த நேரத்தில் ரேடியோ அலை 15,600 மீற்றர் ஓடிவிடும். 21 அங்குல ரீவியின் திரை அகலம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். அப்படியென்றால் திரையில் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிற நிழல் 390 மீற்றர் கூடுதலாக நடந்து வந்திருக்கிறது. நான் அடிமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒன்றரை சென்ரிமீற்றர். 585 மீற்றர். அலை நம்மைத் தாண்டிப் போய்ப் பட்டுத் திரும்பி வந்திருந்தால் அதில் பாதி, முன்னூறு மீற்றருக்குக் கிட்ட. வடகிழக்குப் பக்கம் வயலுக்கு அங்கால் அந்தத் தூரத்தில் ஒரு தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது! புது யாகியின் முதுகு அந்தக் கோபுரத்துக்கு. முதுகுப் பக்கத்தால் வருகிறதை அது மிகக் குறைவாகத்தான் வாங்கும். நிழல் தேடினால் மட்டும் தெரிகிற அளவுக்கு மங்கிவிட்டது. தென்மேற்கிலிருந்து இன்னும் ஒரு விரற்கடை மேற்கே கிறுக்கினபோது புள்ளியும் குறைந்தது. அங்கேயே இறுக்கிவிட்டேன்.

டிஜிட்டல் வந்த பிறகு இந்தப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். சிக்னல் ஒரு எல்லைக்கு மேலே இருக்கிற வரைக்கும் படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும், தெறித்து வருகிற அலையால் நிழலும் விழாது. எல்லைக்குக் கீழே இறங்கினால் சதுரம் சதுரமாக உடைந்து கறுப்பாகிவிடும். இடைப்பட்ட நிலை என்று சொல்ல அதிகம் இல்லை. இன்றைக்குப் புள்ளியோடாவது செய்தி பார்க்கிற வீட்டில், அதே அன்ரெனாவோடு அன்றைக்கு ஒன்றுமே வராமல் போகலாம். பெட்டி கெட்டதா, வயர் கெட்டதா, திசை தவறா என்று சொல்லக் கறுப்புத் திரையால் முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: தூண், வயர், மண்வயர், திசை எல்லாவற்றையும் அனலொக் படம் பேசுகிற காலத்திலேயே சரிசெய்து வைத்துவிட வேண்டும்.

"டிஜிட்டல் அன்ரெனா" என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள். அப்படித் தனியாக ஒரு சாதி அன்ரெனா இல்லை. அலையில் படம் எந்த முறையில் ஏறி வருகிறது என்பது கம்பிக்குத் தெரியாது, அலைநீளம் மட்டும்தான் தெரியும். பார்க்க வேண்டியது எந்த அலைவரிசைப் பட்டைக்குச் செய்தது என்பதைத்தான். ஜப்பானில் டிஜிட்டல் ரீவி முழுக்க யூஎச்எஃப் பட்டையில், 470 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. அதை மனதில் வைத்து அதே தூணில் யூஎச்எஃப் ஒன்றும் ஏற்றினேன். இன்றைக்கு அந்தப் பட்டையில் வருகிற அனலொக் சனல்களுக்கும் அதுதான் வேலை செய்கிறது. ஒரு மீற்றர் தடித்த செம்புக் கம்பியை, பக்கம் 12.5 சென்ரிமீற்றராக இரண்டு சதுரம் வரும்படி எட்டு மாதிரி வளைத்து, நடுவில் வயரைப் பூட்டி, பின்னால் ஆறு சென்ரிமீற்றர் தள்ளி ஒரு அலுமினியத் தகடு. எட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். படுக்கவைத்தால் நிலைக்குத்து அலைக்குத்தான் சரி. இரண்டு அன்ரெனாவையும் விஎச்எஃப் (5ஆம் சனல் வருகிற கீழ்ப் பட்டை), யூஎச்எஃப் சேர்க்கிற ஒரு சின்னப் பெட்டியால் ஒரே வயரில் இறக்கியாயிற்று.

புது ரீவி வாங்க நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. "டிஜிட்டல் ரியூனர் உள்ளது" என்ற எழுத்தை மட்டும் நம்பிக் கூடக் காசு கொடுக்காதீர்கள். பல ரீவிகளில் இருப்பது டிவிபி-ரி2 என்ற வேறு டிஜிட்டல் முறைக்கான ரியூனர். இலங்கை தெரிவு செய்த ஐஎஸ்டிபி-ரி அதற்குள் வராது. மாமியின் குழாய் ரீவியை எறியவும் தேவையில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளைச் சொக்கெற் பின்னால் இருக்கிறது. ஐஎஸ்டிபி-ரி பெட்டி ஒன்றை அதில் பூட்டினால் அந்த ரீவியிலேயே டிஜிட்டல் பார்க்கலாம்.

அந்தப் பெட்டியை யார் வாங்கித் தருவது என்பதுதான் என் மனதை அரிக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக்கு இரண்டு வரை 40 டொலர் கூப்பன் கொடுத்தார்கள். அதுவும் போதாமல் 2009 பெப்ரவரியில் நிறுத்த இருந்ததை ஜூனுக்குத் தள்ளினார்கள். மலேசியாவில் உதவிப்பணம் வாங்கும் குடும்பங்களுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று அனலொக்கை நிறுத்தியபோது, அந்த மார்ச்சில் ஆழிப்பேரலை அடித்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மூன்றையும் விட்டுவைத்தது. அங்கே 2012 மார்ச் 31 வரைக்கும் பழைய அலையே ஓடியது. 2004 டிசம்பர் 26ஐ நேரில் கண்ட எங்கள் கரைக்கு இதன் அர்த்தம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருப்பதையும் இழந்து நிற்கிற சனத்திடம் முதலில் பெட்டி வாங்கு என்று சொல்ல முடியாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அனலொக்கை நிறுத்தும் நாள் குறிக்கப்படும்போது, முன்பு சமுர்த்தி உதவிப்பணம் வாங்கிய வீடுகளுக்கும் இப்போது அஸ்வெசும உதவிப்பணம் வாங்குகிற வீடுகளுக்கும் பெட்டி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். பிறகு தருகிறோம் என்பது சரிவராது.

ஜப்பான் முறையில் நான் விரும்புகிறதும் அந்த ஆழிப்பேரலையோடு சேர்ந்ததுதான். அதன் சிக்னலுக்குள் அவசர எச்சரிக்கைக்கென்று ஒரு குறி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்கிற ரீவியோ பெட்டியோ காத்திருப்பு நிலையில் கிடந்தாலும் தானாக விழித்து எச்சரிக்கையைக் காட்டும். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி இந்தக் கரையைச் சிதைத்தபோது இந்த நாட்டில் ரீவியே தொடங்கவில்லை. இனி வருகிறதற்கு நேரத்தோடு எழுப்பிவிட ஒரு பெட்டி இருந்தால் அது பெரிய காரியம். வாங்கும் பெட்டிகளில் அந்த வசதி உள்ளதா என்று அரசாங்கம் பார்த்து வாங்க வேண்டும். விலை குறைவு என்று அதை விட்டுவிட்டு வாங்கினால் இந்த முறையைத் தெரிவு செய்ததிலேயே பாதிப் பயன் போய்விடும்.

வேறு விஎச்எஃப் சனலுக்கு இதே யாகியைச் செய்ய விரும்புகிறவர்கள் எல்லா அளவையும் ஒரே விகிதத்தில் மாற்றினால் போதும். 177.5ஐ உங்கள் சனலின் நடு மெகாஹேர்ட்ஸால் பிரித்து, வருகிற எண்ணால் கம்பி நீளம், இடைவெளி, வளைய வயர் மூன்றையும் பெருக்குங்கள். 8ஆம் சனல் 195 முதல் 202 வரை, நடு 198.5, விகிதம் 0.894. பின்கம்பி 73.5 சென்ரிமீற்றர், மடிப்புக் கம்பி 70.5, முன்கம்பிகள் 65 பக்கம், இடைவெளி 30.5, வளைய வயர் 62.5. சில ஆர்ஜி-59 வயர்கள் போல நுரை இல்லாத, உள்ளே கட்டிப் பிளாஸ்ரிக் உள்ள வயர் என்றால் 0.83க்குப் பதிலாக 0.66 போட வேண்டும். அப்போது 5ஆம் சனலுக்கு வளையம் 56 சென்ரிமீற்றர்தான். வெட்டுவதற்கு முன் வயரின் ஒரு முனையை உரித்து உள்ளே வெள்ளை நுரையா, கண்ணாடி போன்ற கட்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.